ஒரு பர்ஸ், நாலு பேர், கிரீட் தீவு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"செலவில்லாமல் வெளிநாடு சுற்றுவது எப்படி" என்று பேசச் சொன்னார் நம் செயலாளர். செலவில்லாமல் எந்த ஊருக்கும் போக முடியாது. திருத்தணிக்குப் போனாலும் பஸ் சார்ஜ் உண்டு. ஆகையால் தலைப்பைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். 2016 செப்டம்பர் கடைசியில், ஒரே ஹாஸ்டலில் இருந்த நாங்கள் நாலு பேர், முதுகில் பையைக் கட்டிக்கொண்டு கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் பத்து நாள் திரிந்த கதையைச் சொல்கிறேன்.

நாலு பேரை அந்தக் காலத்துப் பட்டப் பெயரிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவன் மெஸ் செக்ரட்டரி. இன்னொருவன் கோல்கீப்பர். மூன்றாமவன் கணக்குத் துறைக்காரன், எங்களுக்கு அவன் 'தேற்றம்'. நாலாவது நான். இதில் மெஸ் செக்ரட்டரி நடத்திய அச்சகம் 2014-ல் மூடப்பட்டது. இதைச் சொல்ல அவனிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது; மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். கோல்கீப்பர் வளைகுடா நாட்டில் நல்ல நிலையில் இருப்பவன். "எல்லாருக்கும் டிக்கெட் நான் போடறேன்டா" என்றான் முதலில். மெஸ் செக்ரட்டரி ஒரே வார்த்தையில் பதில் சொன்னான்: "அப்ப நான் வரலை." விமானம், விசா, சாப்பாடு எல்லாம் சேர்த்து அவனால் புரட்ட முடிந்தது ஒரு லட்ச ரூபாய். அந்த ஒரு லட்சம்தான் நாலு பேருக்கும் வரம்பு என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 யூரோ. அன்றைய மதிப்பில் மூவாயிரம் ரூபாய். எல்லாம் ஒரே பர்ஸில். பர்ஸ் யாரிடம் என்று நான் சொல்லவும் வேண்டுமா? மெஸ் கணக்கில் ஒரு பைசா உதைக்காதவன் அவன் ஒருவன்தானே!

கிரீட் சின்னத் தீவு இல்லை. மத்தியதரைக் கடலில் சிசிலி, சார்டினியா, சைப்ரஸ், கார்சிகா இவற்றுக்கு அடுத்து ஐந்தாவது பெரிய தீவு. நீளம் 260 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 12 கிலோமீட்டர்தான். நடுவே முதுகெலும்பு மாதிரி மலை. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து இரவுக் கப்பலில் போனோம். படுக்கை அறை எடுத்தால்தான் விலை. மேல்தளத்துச் சீட்டு 40 யூரோவுக்குள் முடிந்தது. ராத்திரி ஒன்பதுக்கு ஏறி, போர்வையை விரித்துப் படுத்து, விடிகாலையில் ஹெராக்லியானில் இறங்கினால் ஒரு நாள் லாட்ஜ் வாடகை மிச்சம். கோல்கீப்பர் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, "கேபின் காலியா இருக்காம்" என்று தகவல் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹெராக்லியானிலிருந்து டவுன் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர் போனால் நோசஸ். மினோவன் நாகரிகத்தின் பெரிய அரண்மனை. ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1900-ல் தோண்ட ஆரம்பித்தார். அவருக்கு முன்பே 1878-ல் மினோஸ் கலோகைரினோஸ் என்ற உள்ளூர்க்காரர் அங்கே தோண்டிப் பார்த்திருக்கிறார்; பெயர் வாங்கியது எவன்ஸ். சிவப்புத் தூண்கள் என்று படங்களில் பார்க்கிறோமே, அவை எவன்ஸ் காலத்தில் காங்கிரீட் போட்டு எழுப்பியவை. எனக்கு அது பிடிக்கவில்லை. இடிந்தது இடிந்தபடி இருக்கட்டும் என்பது என் கட்சி. தேற்றமோ, "அது இல்லைன்னா உனக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது" என்றான். இன்னும் அந்த விவாதம் முடியவில்லை.

அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் இரண்டு வகை எழுத்து. ஒன்றை இன்றுவரை யாரும் படிக்கவில்லை. இன்னொன்றை, லீனியர் பி என்பதை, 1952-ல் படித்துக் காட்டியவர் மைக்கேல் வெண்ட்ரிஸ். அவர் தொழிலால் கட்டடக் கலைஞர். மொழிப் பேராசிரியர் அல்ல. சிந்து எழுத்துக்கு உழைத்த நம் ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர் என்பது நினைவுக்கு வந்தது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். சரி, படித்தபோது அந்தப் பலகைகளில் என்ன இருந்தது? காவியமா? இல்லை. இத்தனை ஆடு, இத்தனை எண்ணெய், இத்தனை தானியம் என்று ஒரே கணக்கு. மெஸ் செக்ரட்டரிக்கு அன்று வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "மூவாயிரம் வருஷத்துக்கு மேல நின்னது கணக்குதான்டா" என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு விஷயம். நாலு பேரில் இரண்டு பேர் சைவம். கிரேக்கர்கள் மாமிசம் தின்பவர்கள், பட்டினிதான் என்று பயந்து ஊறுகாய், பருப்புப் பொடியெல்லாம் கொண்டு போயிருந்தோம். பயம் வீண். அவர்கள் திருச்சபையில் விரத நாட்கள் ஏராளம். அந்த நாட்களில் மாமிசம், முட்டை, பால் எல்லாம் விலக்கு. ஆகவே விரதச் சமையல் என்றே ஒரு பெரிய வரிசை உண்டு. "நிஸ்டீஸிமோ" என்று கேட்டால் போதும். ஆலிவ் எண்ணெயில் வெந்த பெரிய மொச்சை, கத்தரிக்காய், கீரை என்று வந்துவிடும். வாற்கோதுமை ரஸ்கின் மேல் தக்காளியைத் துருவிப் போட்டு, வெள்ளைச் சீஸ் தூவித் தருவார்கள். தாக்கோஸ் என்று பெயர். அது ஒன்று மத்தியானத்துக்குப் போதும். சாப்பிட்டு முடித்தால் பழமும் ராக்கி என்ற சாராயமும் இனாம். ராக்கி யார் குடித்தார் என்ற விவரம் மலரில் அச்சேற வேண்டாம். பாதி நாள் நாங்களே சமைத்தோம். அடுப்பும் நாலு கட்டிலும் உள்ள அறை நாளுக்கு 45 யூரோவுக்குக் கிடைத்தது. கூடாரம் போட்டுப் படுக்கலாம் என்று இளைஞர்கள் நினைக்க வேண்டாம். கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பது அந்த நாட்டில் சட்டப்படி குற்றம்.

ஹெராக்லியானிலிருந்து மேற்கே 140 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் ஹானியா சேர்ந்தோம். வெனிஸ்காரர்கள் கட்டிய துறைமுகம், அழகான ஊர். அதைப் பற்றிப் படத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நான் சொல்ல வந்தது ஸமாரியா பள்ளத்தாக்கு.

1962-ல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்; உள்ளே இருந்த கிராமத்து மக்களை வெளியேற்றி வேறிடத்தில் குடி வைத்தார்கள். மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், மழைக்காலத்தில் வெள்ளம். ஹானியாவிலிருந்து காலை பஸ் பிடித்து ஓமலோஸ் என்ற மலைச் சமவெளியில் இறங்க வேண்டும். உயரம் 1,200 மீட்டருக்கு மேல். அங்கிருந்து கடல் மட்டம் வரை 16 கிலோமீட்டர் இறக்கம். கீழே அயியா ரூமெலி என்ற ஊர். அந்த ஊருக்குக் கார் வரும் சாலையே கிடையாது. படகில்தான் வெளியேற வேண்டும். நாங்கள் போன அன்று கடைசிப் படகு மாலை 5.30-க்கு.

ஏறுவதுதான் கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். முழங்காலுக்கு இறக்கம்தான் எமன். மரக் கைப்பிடி வைத்த செங்குத்தான பாதையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரிலேயே கோல்கீப்பரின் வலது முழங்கால் வீங்கிவிட்டது. யுனிவர்சிட்டி மேட்சில் பெனால்டியைத் தடுத்து நாம் தோளில் தூக்கிக்கொண்டு வந்தோமே, அதே கால். பாதி வழியில் அந்தக் காலி கிராமத்தை அடைந்தபோதே மணி ஒன்றரை. காவலர் பார்த்துவிட்டு, வேண்டுமானால் கோவேறு கழுதை ஏற்பாடு செய்யலாம் என்றார். கோல்கீப்பர் ரோஷக்காரன். ஒரு கம்பு கேட்டு வாங்கிக்கொண்டான்.

"நீங்க மூணு பேரும் போங்கடா, படகு போயிடும். ரூமுக்குக் காசு கட்டியாச்சு, பையெல்லாம் அங்க இருக்கு" என்றான். நியாயமான பேச்சு. ஹானியா அறைக்கு அன்றைய வாடகை கொடுத்தாகிவிட்டது. நானும் தேற்றமும் மெஸ் செக்ரட்டரியைப் பார்த்தோம். ஐம்பது காசு அதிகம் என்று தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவன் அவன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான், பர்ஸைப் பார்த்தான். "நாலு டிக்கெட்டும் சேந்து வாங்கினது. வாசல்ல சேந்துதான் குடுக்கணும்" என்று சொல்லி அவன் பையையும் எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். உள்ளே யாரும் தங்கிவிடவில்லை என்று சரிபார்க்க, வெளியேறும்போது டிக்கெட்டைக் கேட்பார்கள், அதைத்தான் சொன்னான்.

அதற்கப்புறம் அவசரம் போய்விட்டது. வழியில் ஊற்றுத் தண்ணீர் வரும் இடங்களிலெல்லாம் உட்கார்ந்தோம். 'கதவுகள்' என்று ஓர் இடம். இரு பக்கமும் முந்நூறு மீட்டர் உயரப் பாறைச் சுவர். நடுவில் சில மீட்டர் அகலமே வழி. காலையில் வந்த கூட்டம் எல்லாம் போய்விட்டிருந்தது. எங்கள் கம்புச் சத்தமும் ஓடைச் சத்தமும்தான். நாலு பேரும் எதுவும் பேசவில்லை. வெளி வாசலில் டிக்கெட்டைக் கொடுத்தபோது மணி 5.50. படகு போய்விட்டது.

அயியா ரூமெலியில் தங்க அறைகள் உண்டு. கோல்கீப்பர் உடனே கார்டை எடுத்தான். "என் காலால வந்தது, என் செலவு." மெஸ் செக்ரட்டரி, "பர்ஸ்ல இருக்கு" என்றான். ஒருவன் கார்டை நீட்டிக்கொண்டு, இன்னொருவன் பர்ஸைத் திறந்துகொண்டு, வீட்டுக்காரம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாலு நாள் சமைத்துச் சாப்பிட்டதில் 74 யூரோ மிச்சமாகியிருந்தது. அறை ஒன்று 30. இரண்டு அறைக்கு 60. எண்ணி வைத்தான். கோல்கீப்பர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கடலில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மெஸ் செக்ரட்டரியே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஐஸ் கட்டி மட்டும் உன் கணக்குல வாங்கிக்கோ" என்றான். அப்போதுதான் சிரித்தான். அன்று இரவு அச்சகம் மூடிய கதையை, எங்களுக்கெல்லாம் இரண்டு வருடமாகச் சொல்லாததை, அவனாகவே முழுக்கச் சொன்னான். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

மறுநாள் படகில் ஹோரா ஸ்ஃபாகியா போய் பஸ் பிடித்தோம். 1941 மே மாதக் கடைசியில் ஜெர்மானியரிடம் தீவை இழந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படையினர் கப்பலேறித் தப்பிய சிறு துறைமுகம் அது. எல்லோருக்கும் கப்பலில் இடம் கிடைக்கவில்லை, ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள்.

மாணவர்களுக்காக இரண்டு செய்தி. கிரீஸுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 2016-ல் கட்டணம் 60 யூரோ, 2024 ஜூன் முதல் 90. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். முழங்கால் உள்ளவர்கள் அதில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

ஏதென்ஸ் விமான நிலையத்தில் பர்ஸில் இருந்தது 26 யூரோ சொச்சம். நாலு வீட்டுக்கும் நாலு பாட்டில் கிரீட் தேன் வாங்கினோம். சில்லறையை நாலாகப் பங்கிட்டு ஆளுக்கு 55 சென்ட் கையில் கொடுத்து, நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். அந்த நோட்டை இன்று கொண்டு வந்திருக்கிறான். பார்க்க விரும்புவோர் சாப்பாட்டுப் பந்தியில் அவனைப் பிடித்துக்கொள்ளலாம்.