செழிப்பான ஆண்டுகளில் செய்ய வேண்டியவை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

தொழில்நுட்பத் தொழிலைப் பற்றி மிம்பரில் நிற்பவர் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஜும்ஆ முடிந்ததும் துஆச் செய்யுமாறு நம்மிடம் வரும் வேண்டுகோள்களில் பாதி, நேர்முகத் தேர்வு, வேலை நிரந்தரம், ஆட்குறைப்பு ஆகியவற்றைப் பற்றியனவாகவே உள்ளன. நிக்காஹ் பேச வருவோர் மாப்பிள்ளையின் தொழுகையை விசாரிக்கும் முன்பே அவர் பணிபுரியும் கம்பெனியின் பெயரை விசாரிக்கின்றனர். அக்கம்பெனியின் பெயரை நம்பியே வீட்டுக் கடனும் வாகனக் கடனும் வாங்கப்படுகின்றன. ஆகவே, அந்தப் பெயர் எவ்வளவு உறுதியானது, அதன் ஆயுள் யாருடைய கையில் உள்ளது என்பதை ஆராய்வது நம்முடைய மார்க்கக் கடமையையும் சார்ந்ததேயாகும்.

நமது எர்ணாவூர் ஆலைகளை அறியாத ஊரன்று. எண்ணூரில் 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்டாக வளர்ந்தது. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் உருவாயிற்று. தீப்பெட்டி ஆலையின் பெயர் விம்கோ நகர் என்று இரயில் நிலையத்திற்கும், இப்பொழுது மெட்ரோ நிலையத்திற்கும் நிலைத்துவிட்டது. நம் பாட்டனார்கள் சங்கொலி கேட்டுக் கால்நடையாக வேலைக்குச் சென்றனர். பேரப்பிள்ளைகளோ ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் சிறுசேரிக்கும் கம்பெனிப் பேருந்தில் செல்கின்றனர். அவர்கள் செல்லும் அந்த ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை இன்று எடுத்துரைப்பது பயன் தரும்.

நோக்கியா கற்பித்த பாடம்

2005ஆம் ஆண்டு ஏப்ரலில், பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மாநில அரசு நிலமும் வரிச் சலுகையும் அளித்தது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. ஃபாக்ஸ்கான், சால்காம்ப் முதலான உதிரிபாக நிறுவனங்களும் அருகிலேயே ஆலை அமைத்தன. உச்சகாலத்தில் நோக்கியா ஆலையில் மட்டும் சுமார் 8,000 பேர் பணிபுரிந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளம்பெண்கள். தந்தையின் கடனை அடைத்தவர்களும், தம்பியைப் படிக்க வைத்தவர்களும், தம் திருமணச் செலவைத் தாமே ஏற்றவர்களும் அவர்களில் பலர்.

அந்த ஆலையை இரண்டு திசைகளிலிருந்து இடி தாக்கியது.

முதலாவது, சந்தை. 2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் தொடுதிரைக் கைப்பேசியும், 2008இல் கூகுளின் ஆண்ட்ராய்டில் இயங்கும் முதல் கைப்பேசியும் வந்தன. பொத்தான்கள் வைத்த கைப்பேசிகளால் உலகை ஆண்ட நோக்கியா, 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் மென்பொருளை நம்பி அதனுடன் கூட்டுச் சேர்ந்தது. அம்முயற்சி வெற்றி பெறவில்லை. 2013 செப்டம்பரில், கைப்பேசிப் பிரிவையே மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக அறிவித்தது. நம் ஆலையில் பணிபுரிந்த பெண்மக்களின் கைத்திறனில் குறையேதும் இல்லை. அவர்கள் குறைவறச் செய்து அடுக்கிய பொருளை வாங்குவோர் குறைந்துபோயினர்.

இரண்டாவது, வரிச் சட்டம். பின்லாந்திலிருந்து பெறப்பட்ட மென்பொருளுக்குச் செலுத்திய தொகையை ராயல்டியாகக் கொண்டு, அதில் வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும் என வருமான வரித்துறை கூறியது. 2013இல் சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டு ஆணை பிறப்பித்தது. இதற்கு முந்தைய ஆண்டில், 2012ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், மென்பொருள் உரிமைக்கான கட்டணமும் ராயல்டியே என்ற விளக்கத்தை 1976 ஜூன் முதல் பின்னோக்கிப் பொருந்துமாறு சேர்த்திருந்தது. 2014 மார்ச்சில் மாநில வணிகவரித் துறையும் சுமார் 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி கேட்டது. ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. அதை மைக்ரோசாஃப்ட்டுக்கு மாற்றுவதாயின் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் அளிக்க வேண்டுமென அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை விதித்தது.

நோக்கியா அதற்கு உடன்படவில்லை. 2014 ஏப்ரல் 25 அன்று உலகளாவிய கைமாற்றம் நிறைவேறியபோது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் தனியே விடப்பட்டது. சில மாதங்கள் மைக்ரோசாஃப்ட்டுக்காக ஒப்பந்த முறையில் கைப்பேசிகள் செய்து கொடுத்தது. அவ்வொப்பந்தமும் முடிவுற, 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. அதற்குள் சுமார் 5,000 பேர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையொப்பமிட்டு வெளியேறியிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதை எட்டாதவர்கள். அந்த வயதில் ஓய்வு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைச் சிந்தியுங்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது.

அரசு வரி கேட்டது தவறென்று நாம் தீர்ப்புரைக்க வரவில்லை. வாணிபம் செய்பவர் வரி செலுத்துவது நியாயம். இலாபத்தை நாடு விட்டு நாடு மாற்றி வரியைத் தவிர்ப்போரும் உலகில் உளர். எனினும், பேரம் முடிந்து பொருளும் கைமாறிய பின்னர் விலையை மாற்றுவதை நம் ஃபிக்ஹு நூல்கள் ஏற்பதில்லை. கொடுக்கல் வாங்கலின் நிபந்தனைகளை முன்கூட்டியே தெளிவாக எழுதிக்கொள்ளுமாறு திருமறை பணிப்பதும் இத்தகைய பிணக்கைத் தவிர்ப்பதற்காகவே. 2018இல் இந்திய, பின்லாந்து அரசுகள் பேசி முடிக்க, நோக்கியா சுமார் 20 கோடி யூரோ, அதாவது ஏறத்தாழ 1,600 கோடி ரூபாய் செலுத்தி வழக்கு தீர்ந்தது. 2021 மார்ச்சில், வேறு நிறுவனங்களின் வழக்குகளில், மென்பொருளின் பிரதியை விலைகொடுத்து வாங்குவது ராயல்டி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுக்குப் பணம் கிடைத்தது. நிறுவனத்திற்கு வழக்கு முடிந்தது. வேலையிழந்த பெண்மக்களின் அந்த நான்கு ஆண்டுகளை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. மத்தளத்திற்கு இருபுறமும் இடி என்பது முதியோர் வாக்கு. இங்கே மத்தளமாக இருந்தவர் தொழிலாளியே.

சட்டம் ஆலையைத் திறக்கவும் செய்யும்

அதே கொள்கைகள் மாறியபோது அதே ஊர் மீண்டும் தழைத்தது. 1997 முதல், உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கைப்படி, இந்தியா பல மின்னணுப் பொருள்களுக்கு இறக்குமதிச் சுங்கத்தைப் படிப்படியாக நீக்கி வந்தது. அதனால், இங்கே செய்வதைவிடச் சீனாவிலிருந்து தருவிப்பது எளிதாக இருந்தது. 2015ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம், இறக்குமதியாகும் கைப்பேசிக்கும் உள்நாட்டில் செய்யப்படும் கைப்பேசிக்கும் வரியில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கியது. 2020 ஏப்ரலில், கூடுதலாக விற்கும் பொருளின் மதிப்பில் 4 முதல் 6 சதவீதம் வரை, ஐந்தாண்டு காலத்திற்கு ஊக்கத்தொகை அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. மூடிய நோக்கியா ஆலையை 2019இல் சால்காம்ப் வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் கைப்பேசிகள் உருவாகின்றன. ஆயிரமாயிரம் பேருக்கு மீண்டும் வேலை கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இங்கேயும் ஒன்றை மறக்கலாகாது. ஐந்தாண்டு ஊக்கத்தொகைக்கு ஆறாம் ஆண்டு என்ற ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் பல நாட்டுப் பொருள்கள் மீது புதிய சுங்கம் விதித்தார். சில நாள்களிலேயே கைப்பேசிக்கு மட்டும் விலக்களித்தார். வாஷிங்டனில் இட்ட அவ்விரு கையொப்பங்களுக்கு இடையில், ஸ்ரீபெரும்புதூர்ப் பேருந்தில் சென்ற நம் பிள்ளைகளின் வேலை ஊசலாடியது. அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

கணினித் துறையில் இருப்போர் தமக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம். 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது முதல் சென்னையில் அத்துறை வளர்ந்ததற்கு அரசின் வரிவிலக்கு ஒரு காரணம். மென்பொருள் பூங்காக்களுக்கான அந்த விலக்கு 2011 மார்ச்சுடன் முடிந்தது. 2008இல் அமெரிக்க வங்கிகள் வீழ்ந்தபோது இங்கே ஆளெடுப்பு நின்றது. 2025 ஜூலையில், டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், எச்-1பி விசாவுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய சந்தை மாற்றமோ இப்பொழுதுதான் வாசலில் நிற்கிறது.

யூஸுஃப் நபியின் களஞ்சியம்

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். இதில் ஈமான் கொண்ட எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்க வேண்டும் என்பது நபிவழி. யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்னக் கண்ட மன்னனின் கனவுக்கு அவர்கள் விளக்கம் மட்டும் கூறி நிறுத்தவில்லை. ஏழாண்டு விளைச்சலில் உண்பதற்கு வேண்டியது போக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்கும் திட்டத்தையும் வகுத்துக் கொடுத்தார்கள். பஞ்சம் வருவதைத் தடுக்க அவர்கள் முற்படவில்லை. பஞ்சத்தில் மக்கள் மடியாதிருக்க வழி செய்தார்கள். நம் வீட்டுக்கும் நம் ஜமாஅத்துக்கும் வேண்டுவது இதுவே.

இளைஞர்களுக்குச் சில கூறுகிறோம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவுக்குரிய தொகை கையில் சேரும்வரை ஆடம்பரச் செலவு வேண்டாம். வட்டிக் கடன் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதோடு, வேலை போன மாதத்திலும் தவணை நிற்காது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பணி நியமனக் கடிதத்தைப் படியுங்கள். உங்களை வேலைக்கு அமர்த்தியவர் கம்பெனியா, ஒப்பந்தக்காரரா என்பதை அறிந்துகொள்ளுங்கள். சேமநல நிதியின் கணக்கைப் பாருங்கள். ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாக வழங்க வேண்டும் என்பது சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்விதி உள்ளது. ஒரு கம்பெனிக்குள் மட்டும் செல்லுபடியாகும் திறனோடு நின்றுவிடாதீர்கள். பணியில் இருக்கும்போதே, மற்றோர் இடத்திலும் மதிக்கப்படும் ஒரு தொழிலை, ஒரு சான்றிதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று கூறுகிறோம். கம்பெனியின் பெயரை நம்பி நிக்காஹ் முடிக்காதீர்கள். வேலையிழந்த மருமகனை இகழாதீர்கள். அவரை வெளியேற்றிய காரணம், அவர் கண்ணால் கண்டிராத ஒரு நாட்டின் ஆணையாக இருக்கலாம்.

ஜமாஅத் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒரு வகையினர். வேலையிழந்து, அடிப்படைத் தேவைக்காகப் பட்ட கடனில் சிக்கியவர் பிறரிடம் கையேந்தும் முன்பே, பைத்துல்மால் அவரைத் தேடிச் செல்ல வேண்டும். கம்பெனிச் சட்டை அணிந்தவர் வசதியானவர் என்று கருதி அவரை விட்டுவிடலாகாது. வட்டியில்லா அழகிய கடனுக்கென்று தனி நிதி ஒன்றை, இப்பொழுது, பிள்ளைகள் ஊதியம் பெறும் இந்தக் காலத்திலேயே தொடங்குவோம். ஊதியம் பெறும் ஒவ்வோர் இளைஞரும் மாதம் ஒருநாள் ஊதியத்தை அதில் இட்டு வைத்தால், நாளை அவருக்கே அது களஞ்சியமாகும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. அவர்களின் ஊதியத்தை ஹலாலானதாகவும் நிலைத்ததாகவும் ஆக்குவானாக. நெருக்கடி வரும்போது ஒருவரையொருவர் தாங்கும் ஜமாஅத்தாக நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.