நன்னடத்தை அலுவலரும் நம் ஜமாஅத்தும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டறிக்கையில் வரவு செலவு வாசிக்கப்பட்டது. பள்ளிவாசலுக்கு வர வேண்டிய பாக்கியும் வாசிக்கப்பட்டது. எந்தக் கணக்கிலும் ஏறாத ஒரு பாக்கி நம்மிடம் உண்டு. அதைப் பற்றியே இன்று பேச நாடியுள்ளோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்த நேரம். கையில் கோப்புடன் ஒருவர் பள்ளிவாசல் வாயிலில் நின்றிருந்தார். மாற்று மதத்தைச் சேர்ந்தவராதலால் உள்ளே வரலாமா என்று தயங்கினார். அழைத்து வந்து ஹவுள் ஓரத்துத் திண்ணையில் அமர வைத்தோம். தாம் ஒரு நன்னடத்தை அலுவலர் என்றும், நம் மஹல்லாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவரைப் பற்றி விசாரித்து நீதிமன்றத்திற்கு அறிக்கை தர வந்திருப்பதாகவும் கூறினார். அந்த வாலிபருக்கு அப்போது 19 வயது. பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவரின் மோட்டார் கொட்டகையில் காப்பர் வயரை அறுத்து விற்ற மூவரில் அவரும் ஒருவர்.

அலுவலர் கேட்டவை எளிய கேள்விகளே. குடும்பம் எப்படிப்பட்டது? தகப்பனார் எங்கே இருக்கிறார்? படிப்பு ஏன் நின்றது? யாருடன் பழகுகிறார்? இவருக்காகப் பொறுப்பேற்க ஊரில் எவரேனும் உண்டா? திண்ணையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து சென்றனர். ஒருவர், "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்றார். இறுதியாக அவர் நம் முகத்தைப் பார்த்தார். "தொழுகைக்கு வருவதில்லை" என்று மட்டும் நாம் சொன்னோம். அவர் அதை எழுதிக்கொண்டு சலாம் சொல்லிப் புறப்பட்டார்.

நாம் சொன்னது பொய்யன்று. ஆனால் நமக்குத் தெரிந்ததில் அது ஒரு சிறு பகுதியே. அந்தப் பிள்ளைக்கு மக்தபில் அலிஃப் சொல்லிக் கொடுத்தவர் நாம். ரமலான் மாதங்களில் நோன்புக் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு வயோதிகர் வீடுகளுக்கு அவர் நடந்ததைக் கண்டவர் நாம். வளைகுடா சென்ற தகப்பனாரிடமிருந்து பணம் வருவது நின்ற ஆண்டில்தான் அவர் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினார் என்பதும் நமக்குத் தெரியும். இவற்றில் எதையும் நாம் சொல்லவில்லை. பள்ளிவாசலின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சினோம்.

அவர் சிறைக்குச் சென்றார். வயர் அறுக்கப் போனவர், சிறையில் அதைவிடப் பெரிய காரியங்களில் பழகியவர்களின் நட்போடு திரும்பினார். பிறகு ஊரில் தங்கவில்லை. ஒரு வெள்ளி இரவில் அவருடைய தாயார் வந்து, கதவோரத்தில் நின்று கேட்டார்: "ஹஜ்ரத், அவன் செய்தது தப்புத்தான். அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நல்லதில் ஒன்றையாவது சொல்லியிருக்கக் கூடாதா?" அதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அதன் பிறகே இந்தச் சட்டங்களை வழக்கறிஞர்களிடம் கேட்டு அறிந்தோம். குற்றம் செய்தவரைச் சிறையிலடைக்காமல், நன்னடத்தைப் பிணையில் விட்டுத் திருத்தும் முறை நம் மாகாணத்திற்குப் புதியதன்று. 1936ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் இதற்கெனத் தனிச் சட்டம் கண்டது. நாடு முழுமைக்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958இல் வந்தது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. மற்றவற்றில், குற்றத்தின் தன்மையையும் ஆளின் குணத்தையும் பார்த்து, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். நிபந்தனையை மீறினால் முதல் குற்றத்திற்குரிய தண்டனை காத்திருக்கும்.

21 வயது நிறையாதவர் என்றால் சட்டம் இன்னும் இரக்கம் காட்டுகிறது. அவரைச் சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பார்க்க வேண்டும். அனுப்பியே தீர வேண்டுமெனில் காரணத்தை எழுத வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வருவார். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரித்து அலுவலர் அறிக்கை தர 15 நாட்களே அவகாசம்.

விடுவிக்கப்படுபவருக்கோ, அவருக்குப் பிணை நிற்பவருக்கோ, அந்த நீதிமன்ற எல்லைக்குள் நிலையான இருப்பிடமோ தொழிலோ இருக்க வேண்டும் என்றும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இதைக் கவனியுங்கள். ஊரில் ஒருவர் முன்வந்து நின்றால் திறக்கும் கதவு, எவரும் நிற்காவிடில் மூடிக்கொள்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடிப் பிடிபட்டவர் அப்பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், சமூக சேவையையே தண்டனையாக்கியுள்ளது. நம் பிள்ளைகளில் பலர் வெளிநாட்டு வேலையை நம்பி இருப்பவர்கள். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட் மறுக்கப்படலாம் என்பதை அறிவீர்கள். நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்கு, தண்டிக்கப்பட்டவர் என்பதால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு ஏற்படாது என்று 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு காக்கிறது. ஒரு பிள்ளையின் முழு வாழ்வும் அந்த அறிக்கையின் சில பக்கங்களில் தொங்குகிறது. அப்பக்கங்களை நிரப்புவது நம் வாய்ச்சொல்.

உலகில் இந்தப் பணி

இப்பணியைத் தொடங்கியவர் அரசு ஊழியரல்லர். 1841ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணி செய்யும் தொழிலாளி, குடித்துப் பிடிபட்ட ஒருவருக்காக நீதிமன்றத்தில் பிணை நின்றார். மூன்று வாரம் கழித்துத் திருந்திய மனிதராக அவரை அழைத்து வந்தார். அதன் பிறகே, 1878இல், அந்த மாநிலம் சட்டம் இயற்றிச் சம்பளத்திற்கு அலுவலரை நியமித்தது. முதலில் வந்தது அக்கம்பக்கத்தாரின் பொறுப்பு. சட்டம் பின்னரே வந்தது.

கனடாவின் வடகோடியில் நுனாவுட் என்ற பனிப் பிரதேசம் 1999இல் தனி ஆட்சிப் பகுதியாயிற்று. பரப்பில் நம் தமிழகத்தைப் போல் ஏறத்தாழ 16 மடங்கு. மக்களோ 2021 கணக்கெடுப்பில் சுமார் 37,000 பேர். பெரும்பாலோர் இனுயிட் மக்கள். 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சாலை கிடையாது. நீதிபதியும் வழக்கறிஞர்களும் விமானத்தில் வந்து வழக்கை விசாரித்துத் திரும்பிவிடுவர். அவர்கள் சென்ற பிறகு குற்றவாளியும், அவரால் பாதிக்கப்பட்டவரும், அதே பனியில் அதே சில தெருக்களில் ஒருவரை ஒருவர் பார்த்தே வாழ வேண்டும். ஆகவே அங்கே தண்டனையை முடிவு செய்யும்போது ஊர் மூத்தோர் நீதிபதியுடன் அமர்ந்து தம் கருத்தைச் சொல்லும் வழக்கம் உண்டு. ஊரின் துணையில்லாமல் அங்கே நன்னடத்தைக் கண்காணிப்பு நடவாது.

நமக்குப் பனியில்லை, ரயிலும் பேருந்தும் உண்டு. ஆயினும் நம் வாசலுக்கு வரும் அலுவலருக்கு, நாம் வாய் திறக்காவிட்டால், நம் தெருவும் சாலையில்லாத ஊர்தான்.

ஊர் என்னும் வாய்க்கால்

நூறு கொலை செய்தவரின் வரலாற்றை நீங்கள் பலமுறை செவியுற்றிருக்கிறீர்கள். நபி (ஸல்) அவர்கள் அறிவித்த அந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தொண்ணூற்றொன்பது கொலைகளுக்குப் பின் அவர் ஒரு வணக்கசாலியிடம் சென்றார். அவர் தவ்பாவுக்கு வழியில்லை என்று கதவைச் சாத்தினார். நூறாவதாகத் தாமே கொல்லப்பட்டார். பிறகு ஓர் அறிஞரிடம் சென்றார். அறிஞர் தவ்பாவின் கதவு திறந்திருக்கிறது என்றார். அத்தோடு நிற்காமல், நல்லோர் வாழும் இன்ன ஊருக்குப் போ என்று ஓர் ஊரையும் காட்டினார். திருந்த நாடுபவருக்கு மன்னிப்பு மட்டும் போதாது, அவரை ஏற்கும் ஊரும் வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம். அன்று திண்ணையில் அமர்ந்திருந்த நாம் அந்த அறிஞராக இருக்கவில்லை; வணக்கசாலியாக இருந்தோம்.

நம் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிவதைத் தினமும் காண்கிறோம். லஸ்கர் மதகைத் திறந்துவிடுவார். ஆனால் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வருமா? நீதிமன்றம் மதகைத் திறக்கலாம், அலுவலர் உடன் வரலாம், வாய்க்கால் நாம்தான்.

இரண்டாவது முறை அல்லாஹ் நமக்கு ஒரு வாய்ப்பைத் தந்தான். 18 வயது நிறையாத மற்றொரு பிள்ளையின் விஷயம். அவர் யார், எந்தத் தெரு என்பதைச் சொல்ல மாட்டோம். அதைச் சட்டமும் தடுக்கிறது, மார்க்கமும் தடுக்கிறது. இம்முறை அலுவலருடன் அமர்ந்து, பிள்ளையின் நல்லதையும் சொன்னோம்; தீய சகவாசத்தையும் மறைக்கவில்லை. எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் நம் பெரியவர் ஒருவர் வேலை பழக்க முன்வந்தார். பிள்ளை ஒருமுறை குறித்த நாளில் அலுவலரிடம் போகாமல் இருந்துவிட்டார். பெரியவர் அதை மூடி மறைக்காமல், தாமே பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார். அதனால்தான் அலுவலர் அவருடைய மற்றச் சொற்களையும் நம்பினார். கண்காணிப்புக் காலம் சத்தமில்லாமல் முடிந்தது. அல்ஹம்து லில்லாஹ்.

ஆகவே இப்பொதுக்குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். இனி அலுவலர் எவர் வந்தாலும் பேசுவதற்கு இரு பெரியவர்களையும், தாய்மார்களிடம் விசாரிக்க ஓர் ஆலிமாவையும் ஜமாஅத் நியமிக்கட்டும். அவர்கள் சொல்வது முழுச் சாட்சியாக இருக்கட்டும். நம் பிள்ளை என்பதற்காகப் பொய் சொல்வதும் பாவம். நம் பெயர் கெடும் என்பதற்காக நன்மையை மறைப்பதும் பாவம். கடையும் பட்டறையும் வைத்திருப்போர் ஆளுக்கொரு பிள்ளையை ஏற்க முன்வரட்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத தாய்மார்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி பெற உரிமை உண்டு. பிடிபட்ட பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்.

பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டுப் பேசும் இரக்கம் இரக்கமாகாது. அந்த விவசாயியின் மோட்டார் ஓடாமல் நடவு தள்ளிப்போயிற்று. அது ஹக்குல் இபாத்; அடியானின் உரிமை. நன்னடத்தையில் விடும்போது இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிடச் சட்டத்திலும் இடமுண்டு. அத்தொகையைப் பைத்துல்மாலிலிருந்து கடனாகக் கொடுத்து, பிள்ளையின் உழைப்பிலிருந்தே திரும்பப் பெறுவோம். அவர் தம் கையால் அதைக் கொண்டுபோய் கொடுக்கட்டும்; உடன் நம்மில் ஒருவர் செல்லட்டும்.

அந்த முதல் பிள்ளை எங்கிருக்கிறார் என்று இன்று நமக்குத் தெரியாது. அவருடைய தாயார் இந்த ஊரில்தான் இருக்கிறார். அவர் திரும்பி வந்தால், முதல் ஸஃப்பில் நமக்குப் பின்னால் நிற்க அவருக்கு இடம் விடுங்கள் என்று உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். யா அல்லாஹ்! நாங்கள் மறைத்த சாட்சியத்திற்காக எங்களை மன்னிப்பாயாக. திருந்தி வருவோர் தங்கும் ஊராக எங்கள் ஊரை ஆக்குவாயாக. ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.