குடத்துக்குள்ளே அப்பா முகம்!

தலைப்பு: விளம்பரப் புகைப்படத்துக்கு உயிர் கொடுப்பது கருவியா? கற்பனையா?
'கற்பனையே!' அணியில் மூன்றாவதாகப் பேசியது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பண்டிகை நாளில் பலகாரத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி நண்பர் கேமரா விலையைச் சொன்னார், லென்ஸ் விலையைச் சொன்னார், விளக்கு விலையைச் சொன்னார். நடுவர் அவர்களே, அவர் பேச வந்தாரா, விலைப்பட்டியல் வாசிக்க வந்தாரான்னு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது! (சிரிப்பு, கைதட்டல்)

கருவி வேண்டாம்னு நாங்கள் சொல்லவில்லை ஐயா. அம்மி இல்லாமல் அரைக்க முடியாது. ஆனால் குழம்பு ருசியா இருந்தா அம்மியையா பாராட்டுகிறோம்? அரைத்த கையைத்தானே பாராட்டுகிறோம்!

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். நாளைக்கு ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து, கைக்கடிகார விளம்பரத்தைப் பாருங்கள். முள் வைத்த கடிகாரமாக இருந்தால் பெரும்பாலும் பத்து மணி பத்து நிமிஷத்தை ஒட்டித்தான் காட்டும். ஏன்? அந்த நேரத்துக்குத்தான் கடைக்காரர் கடை திறக்கிறாரா? (சிரிப்பு) இல்லை ஐயா. பன்னிரண்டுக்குக் கீழேதான் கம்பெனி பேர் இருக்கும். முள் இரண்டும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றுன்னு விரிந்து நின்றால் பேரை மறைக்காது. இரண்டு கையையும் தூக்கி வரவேற்கிற மாதிரியும் இருக்கும். அதை எந்த லென்ஸ் சொல்லிக் கொடுத்தது? உட்கார்ந்து யோசித்த ஒரு மனுஷனுக்குத்தான் அது தோன்றியிருக்கும்!

இன்னொன்று. 1959-ஆம் வருஷம், அமெரிக்கா. அந்த ஊரில் அப்போது கார் என்றால் கப்பல் மாதிரி நீளம். அங்கே போய் ஃபோக்ஸ்வேகன் என்கிற ஜெர்மன் கம்பெனி, வண்டு மாதிரி ஒரு குட்டிக் காரை விற்க வேண்டும். சாதாரணமாக என்ன செய்வார்கள்? குட்டிக் காரைக் கிட்டே போய்ப் படம் எடுத்துப் பெரிதாகக் காட்டுவார்கள். டாயில் டேன் பெர்ன்பாக் என்கிற விளம்பர நிறுவனத்தில் ஹெல்முட் க்ரோன் என்று ஒரு கலை இயக்குநர், ஜூலியன் கோனிக் என்று ஒரு வாசகம் எழுதுகிறவர். இவர்கள் நேர்மாறாகச் செய்தார்கள். பக்கத்தின் பெரும்பகுதி வெறும் வெள்ளை. மேலே ஓரத்தில் துக்குணூண்டு கார். கீழே, சின்னதாக நினைத்துப் பாருங்கள் என்கிற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான்! அறுபது வருஷத்துக்கு மேலாச்சு, விளம்பரத் தொழிலில் இருக்கிறவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். அந்த வெள்ளையை எடுக்க எத்தனை லட்ச ரூபாய் கேமரா வேண்டும், எதிரணி நண்பரே? (கைதட்டல்)

அமெரிக்கா இருக்கட்டும். நம்ம வீட்டுக்கு வருகிறேன்.

நான் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. ஆனால் வளர்ந்தது ஒரு ஸ்டுடியோவுக்குள்ளே. சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் எங்கப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் அளவு படம், இதுதான் பிழைப்பு. 1986-இல், நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு பாத்திரக்கடை முதலாளி வந்தார். "அண்ணாச்சி, அடுத்த வருஷக் காலண்டருக்கு நம்ம கடை எவர்சில்வர் குடத்தைப் படம் எடுத்துக் கொடுங்க"ன்னு சொல்லி முன்பணமும் கொடுத்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் விளம்பரப் படம்!

முன்பணத்தில் ஸ்லைடு பிலிம் ஒரு ரோல் வாங்கினார். அவரிடம் இருந்த கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். இப்போது மாதிரி நூறு எடுத்துவிட்டுத் தொண்ணூற்றொன்பதை அழிக்க முடியாது. ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் காசு போகிற சத்தம் கேட்கும்! (சிரிப்பு) ஸ்டுடியோவில் இருந்த விளக்கையெல்லாம் போட்டு, பன்னிரண்டு படமும் எடுத்து, சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கினார்.

படம் வந்தது. குடத்தைக் காணோம். குடத்துக்குள்ளே எங்கப்பா இருந்தார்! (பலத்த சிரிப்பு) ஆமாம் ஐயா, எவர்சில்வர் கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதையெல்லாம் திருப்பிக் காட்டும். கேமரா தெரிகிறது, விளக்கு தெரிகிறது, தலை பூசணிக்காய் மாதிரி வீங்கி எங்கப்பா தெரிகிறார். முதலாளி பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நான் குடத்தை விக்கணும், உங்களை இல்ல"ன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டார். (சிரிப்பு)

நாம் சிரிக்கிறோம். அன்றைக்கு ராத்திரி எங்க வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. முன்பணம் பிலிமில் போய்விட்டது. என் பள்ளிக்கூடத்துப் பணம் கட்டவில்லை. அப்பா சாப்பிடாமல் மொட்டைமாடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் கண் விழித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொடியில் வெள்ளை வேட்டி காய்கிறது. அதற்கு அடியில், அம்மா கழுவிக் கவிழ்த்த குடம். வெயில் வேட்டிக்குள்ளே புகுந்து, பால் மாதிரி வடிந்து குடத்தின்மேல் விழுகிறது. கண் கூசவில்லை. கண்டதும் கடியதும் தெரியவில்லை. குடம் மட்டும் குடமாக இருக்கிறது!

ஓடி வந்தார். இரண்டு வேட்டியை எடுத்து முற்றத்தில் கூடாரம் மாதிரிக் கட்டினார். உள்ளே குடம். லென்ஸ் நுழைகிற அளவுக்கு வேட்டியில் ஓர் ஓட்டை வெட்டினார். எந்த வேட்டியில்? அவருடைய கல்யாண வேட்டியில்! அம்மா போட்ட சத்தம் சிவகாசி வரைக்கும் கேட்டிருக்கும்! (சிரிப்பு)

கேமரா வழியாகப் பார்த்தால் புதுத் தொல்லை. சுற்றிலும் வெள்ளை, குடமும் வெள்ளை. ஓரம் எங்கே முடிகிறதென்று தெரியாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. அப்பா வேட்டியை இழுத்து இழுத்துப் பார்த்தார். திருப்பிக் கட்டும்போது அதன் கறுப்புக் கரை குடத்தின் பக்கத்தில் வந்து நின்றது. அந்தக் கரை குடத்தின் ஓரத்தில் மெல்லிசான ஒரு கோடாக விழுந்தது. மை தீட்டின கண் மாதிரி வடிவம் பளிச்சென்று வந்துவிட்டது. இந்தப் பக்கமும் ஒரு கரை, அந்தப் பக்கமும் ஒரு கரை. பெரிய ஸ்டுடியோக்களில் பளபளப்பான பொருளுக்கு வெள்ளைக் கூடாரமும் கறுப்பு அட்டையும் வைத்துத்தான் எடுக்கிறார்கள் என்று பின்னாலே தெரிந்துகொண்டோம். எங்கப்பாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அப்போதுதான் எங்கம்மா, கோபமெல்லாம் மறந்து, வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். "ஏங்க, மேலே நின்னு எடுக்கிறீங்களே, குடம் வாங்கப் போறவ வாயையா பார்ப்பா? கழுத்து கைக்குப் பிடிபடுமா, இடுப்புல உட்காருமான்னுல்ல பார்ப்பா! கீழே உட்கார்ந்து எடுங்க."

அப்பா பேசாமல் தரையில் உட்கார்ந்தார். இரண்டாவது ரோலுக்குக் காசு யார் கொடுத்தது? அஞ்சறைப்பெட்டியில் அம்மா சேர்த்து வைத்திருந்த சிறுவாட்டுக் காசு. வேட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது, இதோ உங்கள் முன்னால் பேசுகிற நான்! (கைதட்டல்) அந்தப் படம் காலண்டரில் வந்தது. கடைக்கு வந்த பெண்கள் காலண்டரைக் காட்டி, "இந்தக் குடம் கொடுங்க"ன்னு கேட்டதாக முதலாளியே வந்து சொன்னார்.

நடுவர் அவர்களே, அதே கேமரா. அதே குடம். மாறினது என்ன? பார்த்த பார்வை! இன்றைக்கு எதிரணி நண்பர் தன் லட்ச ரூபாய்க் கேமராவைக் கொண்டுபோய் அந்தக் குடத்துக்கு முன்னால் நிற்கட்டும். அவர் முகம்தான் தெரியும். என்ன ஒன்று, இன்னும் தெளிவாகத் தெரியும்! (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

எதிரணிச் சகோதரி கேட்டார்: "கற்பனை என்றால் பொய்தானே? தின்பண்ட விளம்பரத்தில் பாலுக்குப் பதில் வெள்ளைப் பசையை ஊற்றுகிறார்கள், ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கை வைக்கிறார்களே?" நியாயமான கேள்வி. விளக்குச் சூட்டில் ஐஸ்கிரீம் உருகிவிடும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் கேம்ப்பெல் கம்பெனி சூப் விளம்பரத்தில், கிண்ணத்துக்கு அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டு போட்டார்கள். எதற்கு? காய்கறியெல்லாம் மேலே எழும்பி நிறைய இருக்கிற மாதிரித் தெரிய! அரசாங்கத்தின் வணிக ஆணையம் தட்டிக்கேட்டது. இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று கம்பெனி ஒத்துக்கொண்டு, 1970-இல் உத்தரவும் வந்தது.

கோலிக்குண்டுக்குக் கற்பனை என்று பேர் வைக்காதீர்கள், சகோதரி. அது கள்ளத் தராசு! எங்கப்பா வேட்டியைக் கட்டி மறைத்தது தன் முகத்தை. குடத்தின் ஓட்டையை இல்லை. இருக்கிற நல்லதை எடுத்துக் காட்டுவது கற்பனை. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது ஏமாற்று. இந்த வித்தியாசம் கருவிக்குத் தெரியுமா? மனுஷனுக்குத்தான் தெரியும்! (கைதட்டல்)

கடைசியாக ஒன்று. இன்றைக்குக் கம்ப்யூட்டரிடம் கேட்டால் நொடியில் குடத்தை வரைந்து தந்துவிடும் என்கிறார்கள். தரட்டும். ஆனால் எந்தக் குடத்தைக் கேட்பது? கழுத்தைக் காட்டு, இடுப்பில் உட்காருகிற வளைவைக் காட்டு என்று சொல்ல, குடம் சுமந்த ஒருத்தி வேண்டாமா? எங்கம்மா தெருக்குழாயில் வரிசையில் நின்று, தண்ணீர் சுமந்து, இடுப்பு வலித்து அதைக் கற்றுக்கொண்டார்.

அப்பா இப்போது இல்லை. அந்த ஓட்டை விழுந்த வேட்டியை அம்மா இன்னும் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறார். கேமரா எங்கே போச்சென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்பதைப் பார்த்து, விளம்பரப் படத்துக்கு உயிர் கொடுப்பது கற்பனையே என்று நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)