குஞ்சு எங்கிருந்து வந்தது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சிம்பாங் பூலாய்ப் பிள்ளைகளுக்குத் தீலாப்பியா மீனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பேராக்கில் பழைய ஈயலம்பக் குளங்களில் வளர்க்கிறார்களே, அதுதான். ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்தது வேறு இனம். குளம் நிறையக் குஞ்சு பொரிக்கும். சட்டிக்கு ஒன்றும் தேறாது!

நான் சொல்ல வந்தது நைல் நதி இனத்தைப் பற்றி. 1988இல் பிலிப்பீன்சில், இப்போது வோர்ல்ட்ஃபிஷ் எனப்படும் ஆய்வு நிலையத்தார் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் காட்டு மீன்களையும் ஆசியப் பண்ணை மீன்களையும் கலந்து, நன்றாக வளர்ந்தவற்றையே தலைமுறைதோறும் பெற்றோராக்கினார்கள். 'கிஃப்ட்' என்று பெயர். மரபணுவை வெட்டி ஒட்டிய மீன் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். நம்ம பாட்டி நல்ல கிடாவாகப் பார்த்து வைத்துக்கொள்வாரே, அதே முறைதான். எந்தக் குஞ்சு எந்தத் தாய்க்குப் பிறந்தது என்ற கணக்கு மட்டும் கூடுதல். தலைமுறைக்கு ஏறக்குறைய 10 சதவீதம் வளர்ச்சி கூடியது.

1994 முதல் வங்காளதேசம், தாய்லாந்து, வியட்நாம், சீனா ஆகிய நாடுகளுக்கு இம்மீன் போனது. 2000இல் நிலையத்தின் தலைமையகம் பினாங்குக்கு வந்தது. தாய்மீன்கள் கெடா மாநிலத்து ஜித்ராவில் பேணப்பட்டன. நிலையத்தில் பணியாற்றிய ஆந்திரக்காரர் டாக்டர் மோடடுகு விஜய் குப்தா, வங்காளதேசத்து ஏழைப் பெண்களுக்கு வீட்டோரக் குட்டைகளில் மீன் வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர். 2005இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

ஆனால் மீனைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? குடியானவர் என்ன செய்வார்? பெரிய மீனைப் பாசாருக்கு அனுப்புவார். மிஞ்சிய பொடி மீன்தானே குளத்தில் குஞ்சு பொரிக்கும்? அக்காள் தம்பி உறவும் கலந்துவிடும். சில தலைமுறையில் பழைய கதைதான். ஆகவே அந்தந்த நாட்டிலேயே குஞ்சுப் பண்ணை வேண்டும். அதற்குப் புதிய தாய்மீன் வந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தியாவில் விஜயவாடா பக்கம் மணிகொண்டாவில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் அப்படியொரு பண்ணையை அமைத்தது. அந்த மையத்தின் தலைமையிடம் நம் சீர்காழி வட்டாரம்!

இன்னொன்று கேளுங்கள். இம்மீனின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆயினும் ஆப்பிரிக்கக் குடியானவருக்கு அதை நெடுங்காலம் கொடுக்கவில்லை. பண்ணையிலிருந்து தப்பி ஆற்றில் இறங்கினால் காட்டு மீனோடு கலந்துவிடும். நாளைக்கு விதை தேடிப் போனால் அசல் இராது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் சொந்த மீனையே கண்ணால் பார்க்காத ஏழைக்கு என்ன பதில் சொல்வது? 2007இல் கொள்கை மாறியது. தக்க பாதுகாப்போடு கொடுக்கலாம் என்றார்கள். பின்னர் கானாவுக்கும் போனது. எது தக்க பாதுகாப்பு என்ற வழக்கு மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.