தானே தெளியும் உதறல்



விமானங்களின் பிஸ்டன் இஞ்சின்களைப் பற்றிய பல விஷயங்கள் இக்கருத்தரங்கில் ஆராயப்பட இருப்பினும், இரவெல்லாம் ஓய்ந்து குளிர்ந்த இஞ்சின் காலையில் முடுக்கப்பட்டவுடன் சிறிது நேரம் உதறி, நொண்டி, சூடேறியதும் ஒன்றும் நடவாததுபோல் சீராக ஓடத் தொடங்கும் அந்த ஒரு லக்ஷணத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். ஏனெனில், தானே மறைந்துவிடும் குறையே நம் தொழிலில் மிகுதியும் அலட்சியம் செய்யப்படுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், இஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ என்ற அமைப்பு, பாதுகாப்போடு காரணத்தைப் பிரித்தறியும் சாதனத்தையும் நமக்கு அளித்திருக்கிறது. ஒவ்வொரு மேக்னெட்டோவாக மாற்றி ஓட்டுகையில், ஒரு மேக்னெட்டோவில் மட்டும் உதறல் மிகுந்து மற்றதில் நீங்குமானால், எண்ணெயோ ஈயமோ படிந்த பிளக்கையும், அதன் கம்பியையும், அந்த மேக்னெட்டோவையும் சந்தேகிக்கலாம். இரண்டிலும் ஒரேவிதமாக நீடிக்குமானால் தீப்பொறியை விட்டு வேறிடம் பார்க்க வேண்டும். பூட்டப்படாத பிரைமர் வழியே பெட்ரோல் கசிவதும், இன்டேக் குழாயின் இணைப்பில் காற்று புகுவதும் உண்டு. அவற்றைக் கண்டறிவது அரிதன்று.

அரிது, எக்ஸாஸ்ட் வால்வு, தன் தண்டு ஏறி இறங்கும் குழலாகிய கைடில் சிக்குவதை அறிவதே. இஞ்சின் தட்டலைத் தடுக்கும் குணம் உடையதென 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ரா எத்தில் ஈயம், 100எல்எல் என்னும் விமானப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் ஈயம் வரை இன்றும் கலக்கப்படுகிறது. அந்த ஈய உப்பும் கருகிய எண்ணெயும் கைடின் உட்சுவரில் படிந்து, தண்டுக்குரிய இடைவெளியைச் சிறுகச் சிறுகக் குறைக்கின்றன. குளிர்ந்த நிலையில் அந்த ஸ்வல்ப இடைவெளியும் போதாமல் வால்வு திறந்தபடியே நிற்க, அந்தச் சிலிண்டர் எரியாமல் போக, நான்கு சிலிண்டர் கொண்ட லைகாமிங் இஞ்சினில் எஞ்சிய மூன்றும் சட்டத்தையே உலுக்குகின்றன. சூடேறிக் கைடு விரிந்ததும், மழைக்காலத்தில் இறுகிய கதவு வெயிலில் நெகிழ்வதுபோல, வால்வு விடுபடுகிறது. இது குணமன்று. படிவு மேலும் வளர்ந்து வால்வு மூடிய நிலையில் உறுதியாகச் சிக்கினால் வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ராட் வளையும், அதைச் சூழ்ந்த குழாய் சேதமுற்று எண்ணெய் ஒழுகும். ஆகாயத்தில் அது நேர்ந்தால் சக்தி இழப்பு நிச்சயம்.

ஆகவே பரீட்சை, உதறல் இருக்கும்போதே நடைபெற வேண்டும். இஞ்சின் உதறும் வேகத்திலேயே சிறிது ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் அருகே வெப்பத்தை அளந்தால், குளிர்ந்திருக்கும் சிலிண்டரே குற்றவாளி. அப்பொழுது புரொப்பெல்லரை எவரும் தொடலாகாது. மேக்னெட்டோவின் எர்த் கம்பி அறுந்திருந்தால், சுவிட்சை அணைத்தும் இஞ்சின் பற்றிக்கொள்ளும். சூடான இஞ்சினில் 80 பவுண்டு அழுத்தத்தில் செய்யும் கம்ப்ரெஷன் சோதனையை மட்டும் நம்புவது வீண். விடுபட்ட வால்வு தன் இருக்கையில் நன்றாகவே படிந்து நல்ல அளவைக் காட்டும். லைகாமிங்கின் 388ஆம் சர்வீஸ் புல்லட்டின் கூறும் முறைப்படி கைடுக்குள் வால்வின் ஆட்டத்தை அளந்தே தீர்ப்புக் கூற வேண்டும். படிவு உறுதியாயின், பிளக் துளை வழியே கயிற்றைத் திணித்து வால்வைத் தாங்கி, ஸ்பிரிங்கைக் கழற்றி, கயிற்றை எடுத்தபின் வால்வைச் சிலிண்டருக்குள் இறக்கி, கைடை ரீமரால் சுத்தம் செய்யலாம்; சிலிண்டரைக் கழற்றவே வேண்டியதில்லை. 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அல்லது நான்கு மாதத்தில், எண்ணெயை மாற்றுவது படிவைத் தாமதிக்கும்.

விமானிகளே, காலையில் கண்ட உதறலை, அது நீங்கியிருந்தாலும், அன்றே லாக்புக்கில் எழுதுங்கள். பொறியாளர்களே, சூடான இஞ்சினின் ஓட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு அந்தப் பதிவை முடித்துக் கையெழுத்திடாதீர்கள். இஞ்சினை ஓர் இரவு குளிரவிட்டு மறுநாள் காலையில் பரிசோதியுங்கள்.