வெயிலுக்கு விலையில்லை, பேட்டரிக்கு உண்டு
(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைச் சிற்றாலய ஆயர் ஆற்றிய உரை)



"ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் சோலார் தகடு மாட்டினால் என்ன? வெயில் சும்மாதானே அடிக்கிறது? அரசாங்கமும் மானியம் தருகிறதாமே?" சபைகளுக்குப் போகிற இடமெல்லாம் இப்படிக் கேட்கிறீர்கள். அன்பினால் எழும் கேள்வி. ஆகவே கணக்கோடு பதில் சொல்லுவது எங்கள் கடமை.

மானியம் உண்டு. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000 வரை கிடைக்கும். ஆனால் அது குடியிருப்பு வீடுகளுக்கு. முழுப் பணத்தையும் முதலில் நாம் கட்ட வேண்டும். மானியம் பிறகுதான் வங்கிக்கு வரும். உங்களில் மின்கட்டணம் அதிகம் கட்டுகிறவர்கள் அவசியம் விசாரித்துப் பாருங்கள். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியுமாக வாழும் விதவைத் தாய்மாருக்கு இது தேவையில்லை. 2016இல் முதல் 100 யூனிட் இலவசமான பிறகு, அவர்களுக்குத் தகட்டினால் மிச்சமாவது ஒன்றுமில்லை. அதற்காகக் கடன்பட வேண்டாம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த மானியம் இல்லை. வரிச் சலுகையாவது உண்டா? சுரண்டைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காற்றாலைகளைப் பார்க்கிறோம். 1990களில் தமிழ்நாட்டு நூற்பாலைக்காரர்கள் காற்றாலையில் பணம் போட்டதற்குக் காற்று மட்டும் காரணமல்ல. போட்ட முதல் முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாக வரிக் கணக்கில் கழிக்க அன்று சட்டம் இடம் கொடுத்தது. சோலாருக்கும் அவ்விதச் சலுகை உண்டு. 2017இல் அதை 40 சதவீதமாகக் குறைத்தார்கள். வருமான வரி கட்டுகிறவருக்குத்தான் அதில் ஆதாயம். வரியே கட்டாத தரும ஸ்தாபனம் எதிலிருந்து கழிக்கும்? எங்களுக்கு எட்டிய ஒரே சலுகை, 2025 செப்டம்பர் 22 முதல் தகடுகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததுதான். பேட்டரிக்கோ இன்னும் 18 சதவீதம்.

இந்தப் பேட்டரியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மின்வாரியக் கம்பியோடு இணையும் சாதாரண சோலார் அமைப்பு, கரண்ட் போனவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். நியாயமான காரணம். ஆனால் உச்சிவெயில் கொளுத்தும்போதே பிரசவ அறையில் விளக்கு அணைந்துவிடுமே! தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி, ஆக்சிஜன் கருவி, பிரசவ அறை விளக்கு இம்மூன்றும் அணையாமலிருக்க வேண்டுமானால் பேட்டரி வேண்டும். எக்ஸ்ரே கருவியை அதில் ஓட்ட முடியாது. ஜெனரேட்டரும் டீசல் செலவும் எங்களை விட்டுப் போகாது.

தகடு 25 வருடம் உழைக்கும். இன்வெர்ட்டர் சுமார் 10 வருடம். சாதாரண ஈய பேட்டரி ஐந்தாறு வருடம் தாங்கினால் ஸ்தோத்திரம். லித்தியம் கூடுதலாக உழைக்கும், விலையும் கூடுதல். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு நாலு யூனிட் தரும். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் மேகம் நம் பக்கமும் மூடி நிற்கும், மின்சாரமும் குறையும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தகடு பறக்காதபடி இரும்புச் சட்டத்தைத் தளத்தில் பலமாகப் பிணைக்க வேண்டும். பங்குனி, சித்திரைப் புழுதியைக் கழுவ ஆளும் வேண்டும்.

அப்படியானால் வேண்டாம் என்கிறோமா? இல்லை. சத்தீஸ்கரில் 2012 முதல் 2016 வரை சுமார் 570 ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேட்டரியோடு 2 கிலோவாட் அமைப்பை அரசே வைத்தது. 2017இல் வெளியான ஆய்வின்படி, சோலார் உள்ள நிலையங்களில் மாதந்தோறும் நடந்த பிரசவங்கள், இல்லாத நிலையங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் ஆஸ்பத்திரிக்கும் இது வேண்டும் என்றே ஜெபிக்கிறோம்.

தகடு வாங்கித் தர முன்வருகிறவர்கள் உண்டு. மாடியில் பெயர் எழுதி வைக்கலாம் அல்லவா! ஆறாம் வருடம் பேட்டரி மாற்றப் பணம் தருகிறவர்தான் அபூர்வம். ஆகவே பேட்டரிக்கென்று தனி வைப்புநிதி தொடங்கி, அது ஒரு முறை மாற்றும் அளவுக்குச் சேர்ந்த பிறகே தகடு வாங்குவதாகத் தீர்மானித்திருக்கிறோம். காணிக்கை உறையின் மேல் "பேட்டரி" என்று எழுதி அனுப்புங்கள். "தகடு" என்று எழுதி வருவதையும் திருப்பி அனுப்பமாட்டோம். அதைத் தனியாக வைத்திருப்போம்.