வீட்டு வேலைக்கும் ஓர் ஒப்பந்தம்



பஞ்சாயத்துப் பணத்தில் ஒரு சிறு பாலம் கட்டுவதானாலும் நாம் ஒப்பந்தப் பத்திரம் எழுதுகிறோம். வேலை முடிய வேண்டிய தேதியைக் குறிக்கிறோம். பொறியாளர் அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே பணம் கொடுக்கப்படுகிறது. அதே நாம், சொந்த வீட்டின் ஓட்டைப் பிரித்துக் காங்கிரீட் தளம் போட முற்படும்போது, திண்ணையில் அமர்ந்து வாய்வார்த்தையாகப் பேசி, வெற்றிலைத் தட்டில் முன்பணத்தை வைத்து மேஸ்திரியிடம் கொடுத்துவிடுகிறோம். பல ஆண்டுச் சேமிப்பு அவ்வாறு கைமாறுகிறது.

"மழைக்கு முன் முடித்துத் தருகிறேன்" என்பார் மேஸ்திரி. எந்த மழை? ஆவணி மாதத்து இடிமழையா, ஐப்பசி அடைமழையா? கூரை பிரித்த வீட்டில் மழை இறங்கினால் விதைநெல் நனையும். மண்சாந்தில் எழுப்பிய பழஞ்சுவர் சரிந்தும் விழும். ஆகையால் கெடு என்பது நாள்காட்டியில் உள்ள ஒரு தேதியாக இருத்தல் வேண்டும். "செப்டம்பர் 30-ஆம் தேதிக்குள்" என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

அந்தத் தேதியை நாமே விதிப்பது நன்றன்று. மேஸ்திரியையே கேட்க வேண்டும். நாள்தோறும் எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள் வருவார்கள்? கம்பி கட்டுவோரும் பலகை அடிப்போரும் அவருடைய ஆட்கள்தாமா? இப்போது அவர் கையில் வேறு எத்தனை வீடுகள் உள்ளன? இவற்றுக்கு விடை சொல்லி வரும்போதே, முதலில் சொன்ன 30 நாள் 45 நாளாக வளர்வதைக் காணலாம். வளரட்டும். நிறைவேறாத 30 நாளைவிட, நிறைவேறும் 45 நாளே நமக்கு வேண்டுவது.

சில நாள்களை எவராலும் குறைக்க இயலாது. வயலில் பாத்தி கட்டுவதுபோலத் தளத்தின்மீது பாத்தி கட்டி நீர் நிறுத்துகிறோம் அல்லவா? ஐ.எஸ். 456 என்னும் 2000-ஆம் ஆண்டு இந்தியத் தர விதிப்படி, சாதாரண போர்ட்லண்டு சிமெண்டானால் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டானாலோ வறண்ட வெயிற்காலமானாலோ 10 நாளும் ஈரம் காக்க வேண்டும். தளத்தின் அடியிலுள்ள முட்டுக்கால்களை, நாலரை மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு 7 நாள் கழித்தும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள் கழித்துமே எடுக்கலாம். இந்நாள்களையும் சேர்த்தே கெடுவைக் கணக்கிட வேண்டும்.

கோபத்தால் கெடு காக்கப்படுவதில்லை. பணம் கொடுக்கும் முறையால் காக்கப்படுகிறது. முன்பணம் தளவாடங்களைக் கொண்டுவந்து இறக்கப் போதிய அளவே இருக்கட்டும். பின்னர், பழைய கூரை இறங்கியதும் ஒரு தவணை, பலகை அடித்துக் கம்பி கட்டியதும் ஒரு தவணை, தளம் ஊற்றியதும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று என வேலையை ஒட்டிக் கொடுக்கலாம். சனிக்கிழமை தோறும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் மேஸ்திரி. ஆதலால் தவணைகளைச் சிறிதாகப் பிரிப்பதே நியாயம். நூற்றுக்கு ஐந்து அல்லது பத்துப் பங்கு மட்டும், முதல் பெருமழையில் தளம் ஒழுகவில்லை என்று கண்ட பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம்.

பத்திரம் நம்மையும் கட்டுப்படுத்த வேண்டும். பொருளை நாம் வாங்கித் தரும் கூலி ஒப்பந்தமானால், மணலும் ஜல்லியும் சிமெண்டும் என்று வந்து இறங்கும் என்பதையும் எழுதி, நாம் தாமதித்த நாள்களைக் கெடுவில் கூட்டிக்கொள்ள இசைய வேண்டும். அறுவடை மும்முரத்தில் வீட்டார் வயலில் இருக்க, சிமெண்டு வராமல் கொத்தனார் திரும்பிப் போவது நாம் அறியாததன்று. "இங்கே ஓர் அலமாரி, அங்கே ஒரு பரண்" என்று இடையில் கேட்பதும் அத்தகையதே. அதற்கான தொகையையும் கூடுதல் நாள்களையும் அன்றே எழுதிக் கையொப்பம் பெறுதல் வேண்டும்.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு எனக் குறிக்கும்போது மிகைப்படுத்துவதில் பயனில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்ட ஈட்டையே நீதிமன்றம் அளிக்கும். 55-ஆவது பிரிவோ நம்மவர் பலர் அறியாதது. காலமே முக்கியம் என எழுதிய ஒப்பந்தத்தில், கெடு தவறிய பின் வேலையை ஏற்போமாயின், நஷ்ட ஈடு கோரும் எண்ணத்தை ஏற்கும்போதே அறிவிக்க வேண்டும். பேசாமல் ஏற்றுக்கொண்டால் பின்னர் கேட்க இயலாது. இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கினால் போதும்.

இத்தகைய பத்திரத்தின் மாதிரியொன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்து, கேட்டு வருவோருக்கு அங்கத்தினர்கள் படித்துக் காட்டலாம். சாட்சிக் கையொப்பமும் இடலாம். பேச்சில் தீராத வழக்கு ஏற்படின், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வேலைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. பத்திரத்தின் நகலையும், கொடுத்த ஒவ்வொரு தவணைக்கும் பெற்ற ரசீதையும் மனுவுடன் இணைக்க வேண்டும்.